பாரிஸ் டைனிங் ஹால்ல சோறு கிடையாது

1

முதல்ல உண்மைய சொல்லிடறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கப்பு சூப்புல கிடைச்சுது.

போன மாசம் வேங்கிக்கால் பக்கத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். வாசல்லயே பேப்பர் கப்புல சூப்பு ஊத்திக் குடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு முன்னாடி நின்ன பெரியவர் கப்ப வாங்கி மோந்து பாத்தாரு. பக்கத்துல இருந்தவர்கிட்ட திரும்பி, "இத எவ்ளோ குடிச்சாலும் சம்மதக் கணக்குல வராதுப்பா. எம்பத்து நாலுல ஒருத்தன் அப்படித்தான் தப்பிக்கப் பாத்தான்"னாரு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் காதத் தீட்டிட்டு நின்னேன். வரிசை நகந்துடுச்சு. அவ்ளோதான்.

அந்த ஒரு வரிய வீட்டுக்கு எடுத்தாந்து மிச்சத்த எல்லாம் நானே கட்டினேன். அதனால பாரிஸ் டைனிங் ஹால் எந்தத் தெருன்னு யாரும் தேடாதீங்க. எழுப்பினது நான். வாடகை கேட்டு ஆள் வராதுன்ற தைரியத்துல கொஞ்சம் பெருசாவே எழுப்பிட்டேன்.

இன்னொண்ணு. தட்டு தட்டா வரிசையா வர்ற வெள்ளைக்காரன் சாப்பாட்ட நான் சாப்பிட்டதே இல்ல. தப்பு இருந்தா தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க.

2

ஆரம்பம் எழுதிப் பாத்தேன்.

"அண்ணாமலையின் உச்சியில் அந்திவானம் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்த அவ்வேளையில், பேதை சரோஜாவின் உள்ளத்தில்..."

இத எழுதிட்டு டீ குடிச்சுட்டு வந்து திரும்பப் படிச்சேன். மலைக்கும் இந்தக் கதைக்கும் ஒண்ணும் இல்ல. சரோஜா பேதையும் இல்ல, டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ. அடிச்சுட்டேன்.

"கீழ்பென்னாத்தூரின் பிரபல மல்லாட்டை மண்டி உரிமையாளரும், பண்பாளரும், அன்புத் தந்தையுமான ஆதிமூலம்..."

இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி வருது. மனுஷன் உயிரோட இருக்காரு, இன்னும் சூப்பு கூட குடிக்கல. அடிச்சுட்டேன்.

மூணாவது இது:

"ஏம்பா, கடைசியில சோறு வரும்தானே?" மாடிப்படி ஏறும்போது சரோஜா அவ அப்பா காதுல கேட்டா.

"வராம எங்க போவும்? எந்த ஊரு சாப்பாடா இருந்தா இன்னா, கடைசியில சோறு வந்துதான ஆவணும்"னாரு ஆதிமூலம்.

இத வச்சுக்கறேன். இந்தக் கதையில கேக்க வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்.

3

எதுக்கு சோத்துக்கு இவ்ளோ பாடுன்னு கேப்பீங்க. இப்ப இருக்கற பசங்களுக்காக சொல்றேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

பொண்ணு பாக்க வர்றவங்க பொண்ணு வீட்டுல சொஜ்ஜி தின்னலாம், பஜ்ஜி தின்னலாம், காபி குடிக்கலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா அந்தப் பொண்ண எடுத்துக்கறோம்னு வாக்குக் குடுத்த மாதிரி. அப்புறம் பின்வாங்கினா ஊரு காறித் துப்பும். அதனாலதான் பஜ்ஜியோட எழுந்து "வர்றோங்க"ன்னு கிளம்பிடுவாங்க.

இந்த சந்துல ஜீவனம் பண்ணவர்தான் இராமலிங்கம். சர்க்கார் ஆபீஸ்ல ஹெட் கிளார்க். பையன் ராஜேந்திரனுக்கு பம்பாயில வேலை. அதனால கிராக்கி ஜாஸ்தி. இராமலிங்கம் எந்த வீட்டுக்கும் இல்லன்னு சொன்னதில்ல. ஆமான்னும் சொன்னதில்ல. "பரிசீலனையில இருக்கு"ம்பாரு. போளூர்ல ஒரு பொண்ணு பரிசீலனையில, ஆரணியில ஒரு பொண்ணு பரிசீலனையில. நம்ம சரோஜா தை மாசத்துல பஜ்ஜி தட்டத் தூக்கினவ, ஆடி வந்தும் பரிசீலனையில.

நடுவுல வேற நல்ல இடம் கேட்டு வந்தாங்க. இது முடியாம அதுக்கு இன்னா பதில் சொல்றது? போயிட்டாங்க. தெருவுல தண்ணி புடிக்கப் போனா, "இன்னா தங்கம்மா, பஜ்ஜி செரிச்சுதாமா அவங்களுக்கு?"ன்னு சரோஜா அம்மாவ கேக்குறாங்க. தங்கம்மாள் குழாய்க்குப் போறதையே விட்டுட்டாங்க. இப்ப சரோஜாதான் குடத்த எடுத்துட்டுப் போறா. ஆமாவோ இல்லையோ, ஒரு பதில் வேணும் அவளுக்கு. இன்னிக்கே வேணும்.

ஆதிமூலம் மண்டியில கடலை மூட்டை மேல உக்காந்து யோசிச்சாரு. வீட்டுல சாப்பிட மாட்டாங்க. இலை போடற ஓட்டலுக்குக் கூப்பிட்டா உஷாராயிடுவாங்க. இங்கிலீஷ் சாப்பாடுன்னா? இராமலிங்கத்துக்கு ஆபீசர் ஆவாத ஏக்கம் உண்டு, கண்டிப்பா வருவாரு. நாலஞ்சு தட்டு கழிச்சு சோறு வரும், பேச்சு சுவாரஸ்யத்துல கை வைப்பாரு, முடிஞ்சுது கதை. கூப்பிட்டது நாம, அப்ப அது நம்ம வீட்டு சோறுதான்.

இராமலிங்கமும் யோசிச்சாரு. "அந்த மாதிரி ஓட்டல்ல சோறே போட மாட்டாங்கப்பா"ன்னு லீவுல வந்திருந்த பையன் சொன்னான். சட்டுனு ஒத்துக்கிட்டாரு. "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. பம்பாய்ல நாலு பேர் முன்னாடி ஸ்பூன் ஃபோர்க்குல சாப்பிடத் தெரியணும் இல்ல, அதையும் பரிசீலிச்சுடலாம்"னாரு.*

* அந்தக் காலத்துல வயசுப் பொண்ண ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. பரீட்சைன்னா கூட்டிட்டுப் போவாங்க.

4

பாரிஸ் டைனிங் ஹால் அண்ணாமலை அடிவாரத்துல ஒரு லாட்ஜ் மாடியில இருந்துச்சு. சமையல் அப்துல் ரசாக் பாய். புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்க வீட்டுல ஆட்டுக்கால வேக வச்சு பேர் வாங்கினவரு. லாட்ஜ் முதலாளி சுத்த சைவம். அதனால பாய் இங்க வந்து கேரட்ட வேக வச்சு, மசிச்சு, கோழிக்கால் மாதிரி உருட்டி, ஒரு குச்சிய சொருகிட்டு இருந்தாரு. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்கள நம்பிதான் கடை போட்டது. அவங்க எல்லாம் தேரடித் தெருவுல சம்மணம் போட்டு உக்காந்து கையால இட்லி தின்னுட்டு இருந்தாங்க. மாடியேறி வந்தது பூரா நம்மாளுங்கதான்.

சரோஜாவ சுவரோரம் உக்கார வச்சேன். முதல் டிராஃப்ட்டுல ஆதிமூலத்துக்குப் பின்னாடி நின்னு எழுதினேன், அவரு தோள் மறைச்சுது. இப்ப சரோஜா பக்கத்துல ஒரு முக்காலி போட்டு உக்காந்துட்டேன். அவ பாக்கறதுதான் எனக்கும் தெரியும்.

அவ பாத்தது: ஒரு வெள்ளைத் துணி, அதுல ஒரு ஆளுக்கு ஆறு ஆயுதம்.

சூப்பு வந்துச்சு. தக்காளி. மேல ரொட்டித் துண்டு மிதந்துச்சு.

"ரசத்த முதல்லயே ஊத்திட்டானே"னு தங்கம்மாள் கிசுகிசுத்தாங்க.

"வெள்ளைக்காரன் தலகீழாத்தான் சாப்பிடுவான்"னாரு ஆதிமூலம். "ரசம் முதல்ல வந்துட்டா சோறு பின்னாடியே வருதுன்னு அர்த்தம்."

இராமலிங்கம் கிண்ணத்த சுத்தமா காலி பண்ணாரு. "ஃபஸ்ட் கிளாஸ். டிபன் மாதிரி லைட்டா இருக்கு"ன்னாரு. அந்த 'டிபன்'ன்ற வார்த்தைய கொஞ்சம் சத்தமா சொன்னாரு, நாளைக்கு சாட்சிக்கு ஆவும்னு.

அடுத்து பன்னும் வெண்ணெயும். அதையும் சாப்பிட்டு, "இதுவும் டிபன்தான்"னாரு.

ரசாக் பாய்க்கு ஒரு கொள்கை உண்டு. மேஜையில எல்லாரும் முடிச்சாத்தான் அடுத்த தட்டு வரும். கதவோரமா கையக் கட்டிட்டு நின்னு பாப்பாரு. தங்கம்மாள் வெண்ணெய நக்கக் கூச்சப்பட்டுகிட்டு தட்டுல விட்டுட்டாங்க. பாய் நகரவே இல்ல. கடைசியில சரோஜா அம்மாவோட வெண்ணெய எடுத்துத் தன் பன்னுல தடவி...

5

இந்த இடத்துல நிறுத்த வேண்டியதா போச்சு.

இது வரைக்கும் எழுதினத என் வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "பையனோட அம்மா எங்க?"ன்னாங்க.

"மேஜை சின்னது. அதான் கூப்பிடல"ன்னேன்.

"பையனப் பெத்தவ இல்லாம எந்த வீட்டுலங்க பொண்ணப் பாப்பாங்க? எழுத வந்துட்டாரு."

வாஸ்தவம்தான். அதனால ராஜம்மாள இப்ப உக்கார வைக்கிறேன். சூப்பு வந்தப்பவே அவங்க இராமலிங்கத்துக்கும் பையனுக்கும் நடுவுல உக்காந்துட்டு இருந்ததா நினைச்சுக்கோங்க. கையில நீள ஸ்பூன். சூப்பு பாதி மடியில. மதியானமே, "ராத்திரி பெரிய விருந்து, வயித்தக் காலியா வை"ன்னு இராமலிங்கம் சொல்லிட்டதால காலையில தின்ன ரெண்டு தோசையோட வந்திருக்காங்க. பன்னு இறுகலா இருந்துச்சு. அவங்களுக்குக் கடவாய்ப் பல் கம்மி. முந்தானையில மூடி வச்சிட்டாங்க.

இவ்ளோதான் அந்தம்மாவுக்குன்னு நினைச்சேன். சும்மா ஒரு நாற்காலிய ரொப்ப.

6

கோழிக்கால் இல்லாத கோழிக்கால் வந்துச்சு, பக்கத்துல வேக வச்ச பச்சைப் பட்டாணி.

"இதான் சைடு டிஷ்ஷு. சோறு ரெடியாவுது"ன்னாரு ஆதிமூலம். அவரு நம்பிக்கைய ஒடைக்க எனக்கு மனசு வரல. இன்னும் ரெண்டு தட்டு போவட்டும்னு விட்டுட்டேன்.

"ஏம்மா சரோஜா, ஃபோர்க்க இடது கையில புடிக்கணும்"னாரு இராமலிங்கம். அவரு ரெண்டு கையிலயும் ஃபோர்க்குதான் வச்சிருந்தாரு.

சரோஜா இடது கையால பட்டாணியக் குத்தினா. அது துள்ளி ஓடிச்சு. இன்னொண்ணு குத்தினா, அது ராஜேந்திரன் தட்டுப் பக்கம் போயி நின்னுச்சு. இராமலிங்கம் பரீட்சை ஹால்ல காப்பி அடிச்சவனப் புடிச்ச மாதிரி நிமிந்து பாத்தாரு.

ராஜேந்திரன் தலையக் குனிஞ்சுகிட்டே அந்தப் பட்டாணிய விரலால எடுத்து வாயில போட்டுக்கிட்டான். அப்புறம் சரோஜாவுக்கு மட்டும் கேக்கற மாதிரி, "எனக்கும் வராதுங்க. பம்பாயில மெஸ்ஸுல கையாலதான் சாப்பிடுறேன். அப்பாவுக்குத் தெரியாது"ன்னான்.

சரோஜாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. தை மாசத்துல இருந்து இப்பதான் இவன் குரல முழுசா கேக்கறா.

(இவன நல்லவனாக்கணும்னு எனக்குத் திட்டம் இல்ல. அப்பா பின்னாடி நிக்கற பொம்மையா வச்சிருந்தேன். பட்டாணி அவன் பக்கம் உருண்டதுல இப்படி ஆயிடுச்சு. நீங்க உடனே மயங்கிடாதீங்க. இத்தினி மாசமா இவனும் வாயத் திறக்கலன்றத மறக்க வேணாம். சரோஜாவும் மறக்கல.)

அடுத்து வெள்ளையா ஏதோ ஊத்தி சுட்ட காய்கறி. அடுத்து கஸ்டர்டு. எல்லாத்தையும் இராமலிங்கம் டிபன்லயே வரவு வச்சுகிட்டாரு. கஸ்டர்டு வழிச்ச ஸ்பூன கீழ வச்சு, பெருசா ஏப்பம் விட்டாரு.

ரசாக் பாய் காபியோட வந்தாரு.

ஆதிமூலத்துக்கு முகம் மாறிடுச்சு. காபின்னா முடிஞ்சுதுன்னு உலகத்துக்கே தெரியும்.

"பாய், சோறு?"

"சோறா? டைனிங்ல சாதம் கிடையாதுங்க."

"கிடையாதுன்னா? இவ்ளோ தட்டு வச்சியே, ஒரு கரண்டி சோறு வைக்கக் கூடாதா?"

"இது கோர்ஸ் சிஸ்டம் சார். காபி வந்தா க்ளோஸ். நடுவுல சாதம் வச்சா எங்க துரை தட்டத் தூக்கி அடிப்பாரு."

"உங்க துரை ஊருக்குப் போயி எத்தினி வருசம் ஆவுது?"

"அதுக்காக வைக்க முடியுமா?"ன்னாரு பாய்.

இராமலிங்கம் துண்டால வாயத் தொடச்சுகிட்டாரு. "ரொம்ப திருப்திங்க ஆதிமூலம். பொண்ணு விஷயம் பரிசீலனையிலதான் இருக்கு. ஆவணி தாண்டட்டும்"னு எழுந்திருக்கப் போனாரு.

சரோஜாவுக்குக் குழாயடி ஞாபகம் வந்துச்சு. நாளைக்கு காலையில குடத்தோட நிக்கணும். இன்னா பதில் சொல்றது? சூப்பு நல்லா இருந்துச்சுன்னா?

7

இங்க கதைய முடிச்சுடலாம்னுதான் இருந்தேன். ஏமாந்த ஆதிமூலம், ஜெயிச்ச இராமலிங்கம், சமூகம்னா இப்படித்தான்னு ஒரு வரி. நாலு பேர் கைதட்டுவாங்க. எழுதவும் ஆரம்பிச்சேன்: "ஆணாதிக்க சமுதாயத்தின் கோரப் பற்களுக்கிடையே..."

அப்ப ராஜம்மாள் வாயத் திறந்தாங்க.

"எனக்குக் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

மேஜையே திரும்பிப் பாத்துச்சு.

"ஒண்ணும் எறங்கல எனக்கு. ரொட்டி கல்லு மாதிரி இருக்குது. அந்தக் குச்சி சொருவினது வாயில வைக்க பயமா இருந்துச்சு, அதயும் அப்புறம் வந்ததயும் பையன் தட்டுல தள்ளிட்டேன். காலையில தின்ன தோசைங்க. கண்ண இருட்டுது."

"வீட்டுக்குப் போயி சாப்பிடலாம், எழுந்திரு"ன்னாரு இராமலிங்கம்.

"வீட்டுல யாரு வடிச்சு வச்சிருக்கா? நான்தான போயி வடிக்கணும்?"

சரோஜா எழுந்தா. யாரையும் கேக்கல. பாயத் தாண்டி சமையல்கட்டுக்குள்ள போனா. அங்க மூலையில வேலை செய்றவங்களுக்குன்னு வடிச்ச சோறு ஆவி பறந்துட்டு இருந்துச்சு, பக்கத்துல கத்திரிக்கா காரக்குழம்பு. பாயும் டைனிங் முடிஞ்சதும் அதைத்தான் சாப்பிடுவாரு.

"அது ஸ்டாஃபுக்கும்மா"ன்னு பாய் பின்னாடியே ஓடினாரு.

"தெரியுதுங்க பாய். எங்களுக்கும் பசிக்குது."

பாய் கரண்டிய எடுத்து அவரே போட்டாரு.

ரெண்டு தட்டோட வந்தா சரோஜா. ஒண்ண ராஜம்மாள் முன்னாடி வச்சா. ஒண்ணு அவ இடத்துல.

"ராஜம், கை வைக்காத"ன்னாரு இராமலிங்கம்.

"ஏன்?"

"ஏன்னா... பரிசீலனையில இருக்கு."

"எது, சோறா?"

"நீ சாப்பிட்டா சம்மதம்னு ஆயிடும்டி!"

"ஆவட்டும். நீங்க அடுத்த தை வரைக்கும் பரிசீலிங்க, எனக்குப் பசிக்குது"ன்னு அந்தம்மா ஸ்பூனத் தள்ளி வச்சுட்டு, குழம்பப் பெசஞ்சு, ஒரு வாய் போட்டுக்கிட்டாங்க. கண்ண மூடி மென்னாங்க. "உப்பு சரியா இருக்குது"ன்னாங்க.

ஆதிமூலம் நாற்காலி பின்னாடி விழற மாதிரி எழுந்தாரு. "சம்பந்தி!"

"இருங்க இருங்க. அது பசிக்கு சாப்பிட்டது, கணக்குல வராது."

"எல்லாருமே பசிக்குத்தாங்க சாப்பிடுறாங்க சம்பந்தி!"

தங்கம்மாள் முந்தானையால கண்ணத் தொடச்சுகிட்டாங்க. ஒண்ணும் புரியாம பாய் எல்லாருக்கும் கை குடுத்தாரு. இராமலிங்கம் தொப்புனு உக்காந்தாரு. அவரு வழக்கத்த வச்சுதான் இத்தினி பேர் வீட்டு பஜ்ஜிய தின்னாரு, அதே வழக்கம் இப்ப அவரு மடியில உக்காந்துடுச்சு. வேற வழி இல்ல. "சரி... நடக்கட்டும்"னாரு.

நான் சத்தியமா இத யோசிக்கல. ஒரு நாற்காலிய ரொப்பத்தான் அந்தம்மாவ கூப்பிட்டேன்.

8

"சரோ, நீயும் ஒரு வாய் சாப்பிடும்மா. சந்தோஷமான நேரம்"னாங்க தங்கம்மாள்.

சரோஜா தட்டப் பாத்தா. கை போகல.

"அவங்க சாப்பிட்டாங்க. அவங்களுக்கு சம்மதம். நான் இன்னும் சாப்பிடலயேம்மா."

"அது இன்னா பேச்சு?"ன்னாரு ஆதிமூலம்.

"பொண்ணு சாப்பிடறதுக்கும் சம்மதத்துக்கும் இன்னாம்மா இருக்கு? அப்படி ஒரு வழக்கமே கிடையாதே"ன்னாரு இராமலிங்கம்.

"கிடையாதுங்க"ன்னா சரோஜா. ராஜேந்திரன் பக்கம் திரும்பினா. "தையிலருந்து பரிசீலிச்சது நீங்களா, உங்கப்பாவா?"

அவன் காபி கப்பத் திருப்பித் திருப்பி வச்சான். "எனக்கு அன்னிக்கே சரின்னு தோணுச்சுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"என்னையும்தான் யாரும் கேக்கல"ன்னா சரோஜா.

ராஜம்மாள் மட்டும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

சரோஜா உள்ளுக்குள்ள இப்ப இன்னா ஓடுதுன்னு பக்கத்து முக்காலியில இருந்து பாத்துத்தான் சொல்றேன். ஒரு பதிலுக்காக வந்தா. பதில் கிடைச்சிடுச்சு. நாளைக்குக் குழாயடியில தலை நிமிந்து நிக்கலாம். ஆனா இவ்ளோ மாசமும் அவங்க பதில் இன்னான்னே யோசிச்சதுல, தன் பதில் இன்னான்னு அவ யோசிக்கவே இல்ல. இப்பதான் முதல் தடவை யோசிக்கறா. பட்டாணிய எடுத்து வாயில போட்டுகிட்டவன் இவன்தான். யாரும் கேக்கலன்னு சும்மா இருந்தவனும் இவன்தான்.

9

முடிவு எழுதினேன். மூணு எழுதினேன்.

(அ) சரோஜா வெக்கத்தோட ஒரு வாய் சாப்பிடறா. ஆவணியில கல்யாணம். பாய் கேரட்டுல யானை பண்ணி அனுப்பறாரு. — என் வீட்டுக்காரம்மா, "அவ்ளோ கேட்டுட்டு வெக்கமா?"ன்னாங்க. அடிச்சுட்டேன்.

(ஆ) சரோஜா தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிடறா. வேலை கிடைக்குது. புதுமைப் பெண்! — எழுதும்போது எனக்கு நல்லா இருந்துச்சு. ஆனா அது எனக்கு நல்லா இருந்துச்சு, அவளுக்கான்னு தெரியல. அடிச்சுட்டேன்.

(இ) சரோஜா பாதி சோத்த ராஜேந்திரன் தட்டுல போட்டு, "முதல்ல நீங்க உங்கப்பா எதிர்ல கையால சாப்பிடுங்க, பாப்போம்"ங்கறா. அவன் மெதுவா... — இது கொஞ்சம் புடிச்சுது. ஆனா அதுலயும் கடைசியில அவன்தான் முடிவு பண்றான். நிறுத்திட்டேன்.

அதனால உங்ககிட்ட விடறேன். உங்களுக்கு எது வேணுமோ எழுதிக்கோங்க. ஒரே ஒரு கண்டிஷன். ஆதிமூலத்தக் கேக்காதீங்க, அவரு பந்தக்காலுக்கு ஆள் சொல்லிட்டு இருக்காரு. இராமலிங்கத்தக் கேக்காதீங்க. பொண்ணே வேணாம்னுட்டாளாம்னு போளூருக்கும் ஆரணிக்கும் தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு வேர்த்து ஊத்திட்டு இருக்காரு. என்னையும் கேக்காதீங்க. அவளக் கேளுங்க.

நான் கேட்டுட்டேன். முக்காலிய கிட்ட இழுத்துப் போட்டு, "இன்னாம்மா சரோஜா, சாப்பிடப் போறியா இல்லையா? படிக்கறவங்க காத்துட்டு இருக்காங்க"ன்னேன்.

அவ என்னப் பாத்தா. தட்டப் பாத்தா. "சோறு சூடா இருக்குதுங்க. ஆறட்டும்"னா.

இராமலிங்கம் மெனு கார்ட எடுத்து அவ தட்டுக்கு விசிற ஆரம்பிச்சாரு.

"மெதுவாவே ஆறட்டும், விடுங்க"ன்னா.